பழைய அளவு

பாய்,

கிண்டிப் பக்கம் மெட்ரோ ரயிலுக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஈக்காட்டுத்தாங்கல் ரோட்டில் தகரம் அடித்து மறைத்து வைத்திருந்தார்கள். சைதாப்பேட்டைக்கு வருகிற பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்தது. ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து உன் வீட்டை அடித்துக்கொண்டு போனதற்கு முந்தி. என் பெரியவனுக்குக் கல்யாணம் முடிந்து, மருமகள் முதல் ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். படிக்கத் தெரியாதவனுக்கு வருஷம் இப்படித்தான் ஞாபகத்தில் நிற்கும். அந்த மருமகள்தான் இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் ‘கீது’ என்றால் அவள் ‘இருக்கிறது’ என்று எழுதுகிறாள். நீ சிரித்துக்கொள்.

இன்று காலை மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். நீ போனதிலிருந்து அதன் மேல் துணி போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். மருமகள்கூட அதன் மேல் காய்கறிக் கூடையை வைத்துப் பழகிவிட்டாள். கூடையை இறக்கி, துணியை எடுத்து, எண்ணெய்க் குப்பியின் மூக்கை ஓட்டையில் வைத்தேன். ஒரு சொட்டு இறங்கியதும் அந்த வாசனை எழும்பியது. மாம்பலத்தில் நம் கடை ஷட்டரைத் தூக்கினால் முதலில் வருமே, அதே வாசனை. கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் எண்ணெய் விட்டேன் என்று கேட்பாய். டீச்சரம்மா வந்துவிட்டுப் போனார்கள் பாய். நேற்று. இந்த வீட்டு வாசலுக்கே. மூத்த மகன் வழிப் பேத்தி கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம். புதன்கிழமை கேட்டிருக்கிறார்கள்.

மாடிப்படிக்குக் கீழே நம்முடைய கடை. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மிதிபட்டு, சந்துக்குள் திரும்பினால்தான் மூச்சு வரும். இரண்டு மிஷின், ஒரு வெட்டுப் பலகை, கம்பியில் தொங்குகிற பழைய புடவை ஒன்று. போட்டுப் பார்க்கிற பெண்களுக்கு அந்தப் புடவைதான் அறை. மேலே யாராவது படி இறங்கினால் நம் தலையில் நடக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவு இடத்துக்குள் நீ எல்லாவற்றுக்கும் ஒரு இடம் வைத்திருந்தாய். கத்தரிக்கோல் வலது கைப்பக்கம், துடைத்து, வாய் மூடி. கொக்கி டப்பா ஒரு பக்கம், பட்டன் டப்பா ஒரு பக்கம். உட்காருவதற்கு முன்னால் எண்ணெய், பாபினில் நூல், அப்பால்தான் டீ. நான் டீயிலிருந்து ஆரம்பிப்பேன்.

“நைனா, மணி இன்னா?” என்பாய், தலையைத் தூக்காமல்.

“வண்டி லேட் பாய்.”

“வண்டி லேட்டா, நீ லேட்டா? நானும் அதே லைன்லதானே வந்தேன்.”

ஒரே சைதாப்பேட்டை, ஒரே ஸ்டேஷன், மாம்பலத்துக்கு ஒரே ஒரு ஸ்டாப். நூல் கோர்க்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

சுவரில் கிழமைக்கு ஒன்றாகக் கொக்கி அடித்திருந்தாய். கதவுப் பக்கம் இருப்பது திங்கள். துணி வந்ததும் மூட்டை கட்டி, கொடுக்க வேண்டிய கிழமையில் தொங்கவிடுவாய். ஒருமுறை தொங்கினால் தொங்கினதுதான். தீபாவளிக்கு முந்தி மூட்டைகள் சேர்ந்து கிடந்தபோது, நான் இரண்டைத் தூக்கி அடுத்த கொக்கியில் மாட்டினேன். நீ எழுந்து வந்து பழைய இடத்தில் மாட்டினாய். “கொக்கி மாத்தினா வாய் பொய் சொல்லும் நைனா. அப்புறம் அந்தம்மா வந்து நிக்கும், நாம நாளைக்கு வாங்கன்னுவோம்” என்றாய். நாளைக்கு வாங்க என்று சொல்லாத டெய்லர் மாம்பலத்திலேயே நீ ஒருத்தன்தான் இருந்திருப்பாய்.

அந்த நாடா விஷயமும் உன்னுடையதுதான். மற்ற கடைகளில் அளவைச் சீட்டில் எழுதித் துணியோடு குத்தி வைப்பார்கள். நம் கடையில் லைனிங் துணியில் விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்து, அதன் ஓரத்தில், நுனியிலிருந்து அளவு முடிகிற இடத்தில், கத்தரியால் சின்ன வெட்டு. தோளுக்கு ஒரு வெட்டு, மாருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, இடுப்புக்கு மூன்று. அந்த நாடாவாலேயே மூட்டையைக் கட்டுவாய். வருகிறவர்கள், “இது என்ன பாய் புதுசா?” என்று கேட்டால், “சீட்டு காத்துல பறந்துடும்மா” என்று சொல்லுவாய். சீட்டு பறக்காது. எனக்கு எண் படிக்க வராது, டேப்பில் அங்குலக் கோட்டை எண்ணித்தான் பழக்கம், அது வெளியில் தெரியக்கூடாது. அதற்காகத்தான் நீ அப்படிச் செய்தாய் என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது.

துணியைக் கொடுத்து அனுப்பியதும் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைச் சாக்கில் போடுவாய். அடுத்த வாட்டி அதே அம்மா வந்தால் திரும்பவும் டேப், திரும்பவும் புது நாடா. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

“அதே ஆளு, அதே உடம்பு. எதுக்கு பாய் இந்த வேலை?”

“பழைய அளவு கையில இருந்தா, கை அதைத்தான் தேடும்” என்றாய்.

எனக்கு நாடாவே தேவையில்லை. ஒரு தடவை டேப் வைத்தால் போதும், தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் வேடிக்கைக்குக் கேட்பார்கள், “என் அளவு சொல்லுங்க பார்ப்போம்” என்று. தோளிலிருந்து கை வளையம் வரைக்கும் சொல்லுவேன். பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த அம்மா, “இவர் தலைய வெட்டிப் பார்த்தா உள்ள பூரா ஜாக்கெட்டுதான் இருக்கும்” என்று சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். நீ மட்டும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாய். உனக்குப் பொறாமை என்று நினைத்தேன் பாய். சொல்லவே நாக்கு கூசுகிறது. உனக்கு ஞாபகம் நிற்காது, அதனால்தான் இத்தனை கொக்கி, இத்தனை நாடா என்று நினைத்தேன். நான்தான் உன்னைவிட நல்ல தொழில்காரன் என்றும் நினைத்தேன்.

மெட்ரோத் தூண் எழும்பிய அந்த வருஷத்து ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை நீ தொழுகைக்குப் போயிருந்தாய். தள்ளுபடிக் கூட்டம், சந்து வரைக்கும் பிதுங்கிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா வந்தார்கள். நம் கடை ஆரம்பித்த நாளிலிருந்து வருகிறவர்கள், நமக்கு எப்போதும் டீச்சரம்மாதான். நடுவில் கொஞ்ச காலம் வரவில்லை. ஆவணியில் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று பட்டுப் புடவையைப் பிரித்து வைத்தார்கள். புடவையோடு சேர்ந்த ஜாக்கெட் பிட், அரக்கு நிறம், அதற்கு மேல் ஒரு விரற்கடை கிடையாது.

வேறு துணியை வெட்டிக்கொண்டே, “புதன்கிழமை குடுத்துடறேன்மா” என்றேன்.

“அளவு எடுத்துக்கலையா?”

“உங்க அளவா?” தலையைத் தட்டிக் காட்டினேன். “இங்க கீதும்மா.”

அவர்கள் போகவில்லை. புடவை மடிப்பை ஒரு கையால் சரி செய்துகொண்டே நின்றார்கள். “இல்ல, ரொம்ப நாளாச்சே. ஒரு தடவை எடுத்துடுங்களேன்” என்றார்கள். குரல் இறங்கியிருந்தது. நான் கவனிக்கவில்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், வளையல் கடை அம்மா வேறு உட்கார்ந்து பார்க்கிறது. நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி டீச்சரம்மாவின் அளவை ஒப்பித்தேன். ஒரு எண் விடாமல். கூட்டம் சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நீ வந்ததும் மூட்டையைப் பார்த்தாய். “நாடா எங்க?”

“டீச்சரம்மாவுது பாய். அதுக்கு எதுக்கு நாடா?”

“ரொம்ப நாள் கழிச்சு வந்துகீறாங்க. போன் போட்டு வரச்சொல்லி எடுத்துடு. எடுக்காம கத்திரி வைக்காதே.”

“சரி பாய்” என்றேன்.

மறுநாள் நீ நூல் வாங்க மொத்தக் கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தாய். அன்றைக்கு நான் சீக்கிரம் வந்தேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து உனக்கு முந்தி ஷட்டரைத் தூக்கியது அந்த ஒரு நாள்தான். எதற்குத் தூக்கினேன்? நீ வருவதற்குள் அந்தப் பட்டை வெட்டிவிட வேண்டும் என்று. வெட்டினேன். சுத்தமான வெட்டு. நீ வந்து பலகையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், எண்ணெய்க் குப்பியை எடுத்தாய்.

திங்கட்கிழமை போட்டுப் பார்க்க வந்தார்கள். புடவை மறைப்புக்குள் போனார்கள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. உள்ளே வளையல் ஒருமுறை ஒலித்தது, அவ்வளவுதான். வெளியில் வந்தபோது முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்கள். ஜாக்கெட் தொளதொளவென்று நின்றது. அதைப் பார்த்து நான், இந்த வாயால், சத்தமாக, “இன்னாம்மா, கல்யாண அலைச்சலா? இப்டி எளைச்சிட்டீங்க?” என்று கேட்டேன்.

“இல்ல. இடது பக்கம்…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்கள். அப்புறம், “தப்பு என் மேலதான். நான்தான் சொல்லியிருக்கணும்” என்றார்கள்.

அப்போதுதான் என் கண் பார்த்தது. முந்தானைக்கு உள்ளே இடது பக்கம் துணி மட்டும் இருந்தது. ஆபரேஷன். வராத அந்தக் காலத்தில் அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்கள். வளையல் கடை அம்மா சட்டென்று எழுந்து வெளியே பார்த்தபடி நின்றது. எனக்குக் கையில் இருந்த கத்தரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாய், அவர்கள் என்னிடம் மன்னிப்பு கேட்கிற மாதிரி நின்றார்கள். அதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

உன் மிஷின் நின்றது. நீ எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாய். “உக்காருங்கம்மா. டீ சொல்றேன். எங்க வீட்லேந்து வரச்சொல்றேன், ஒரு ஸ்டாப்புதான், இதோ வந்துடும்.” வேறு ஒரு கேள்வி இல்லை. உன் சம்சாரம் பாபி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தது. இரண்டு பேரும் மறைப்புக்குள் போனார்கள். பாபி வெளியே வந்தபோது கையில் இரண்டு நாடா. வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று.

டீச்சரம்மா போனபிறகு பாபி மெதுவாகச் சொன்னது: “டேப்பு வெச்சா அதுவே சொல்லிடும், தன் வாயால சொல்ல வேணாம்னு நெனச்சு வந்தாங்களாம்.”

அதற்குத்தான் அந்தம்மா அன்றைக்கு நின்றது. ஒரு தடவை எடுத்துடுங்களேன் என்றது. நான் டேப்பைத் தொட்டிருந்தால் போதும், ஒருவருக்கும் தெரியாமல் எல்லாம் முடிந்திருக்கும். அளவு எடுப்பது எனக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அதனால் தேவையில்லை என்று. எதிரில் நிற்கிற ஆளுக்காகவும் அந்த டேப் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

நீ இரண்டு நாடாவையும் பலகையில் என் பக்கம் தள்ளினாய்.

“நீயே வெட்டு.”

“என்னால ஆவாது பாய். நீ வெட்டு.”

“இன்னிக்கு நீ வெட்டலேன்னா நாளைக்கும் கத்திரி எடுக்க மாட்டே. வெட்டு.”

“வேற பட்டு கிடையாது. கெட்டுப் போச்சுன்னா?”

“நான் பக்கத்துல நிக்கிறேன்.”

நின்றாய். தையலைப் பிரித்தோம். கையை ஒரு விரல் குறைத்து, அந்தத் துண்டை வைத்து, தழும்பு தெரியாமல் முன்கழுத்தை ஏற்றி ஒட்டுக் கொடுத்தோம். உள்ளே லைனிங்கில் பை மாதிரி தைத்துப் பஞ்சு வைத்தாய். வெளியில் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியாது. நடுவில் நான் பயந்துபோய், “வியாழக்கிழமைக்கு மாத்திடலாமா பாய்?” என்று கேட்டேன். நீ கொக்கியைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. புதன்கிழமை, சொன்ன நேரத்தில், மூட்டை தயாராக இருந்தது. நான் இல்லை. அவர்கள் சந்து முனையில் வருவதைப் பார்த்ததும் பின்பக்கமாக டீக்கடைக்கு ஓடிவிட்டேன்.

அதற்கப்புறம் அவர்கள் எப்போது வந்தாலும் ஓடினேன். பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். நீ அளவு எடுத்து, நாடா வெட்டி, மாட்டி வைத்திருப்பாய். நான் திரும்பி வந்தால், “டீ ஆறிப்போச்சா நைனா?” என்பாய். அவ்வளவுதான். நீ ஒரு தரம் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அன்றிலிருந்து டேப் என் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. யார் வந்தாலும் அளவு, புது நாடா, கொடுத்ததும் வெட்டிப் போடுவது. உன்னைப் போலவே எல்லாம் செய்தேன். ஜனங்கள், “பெரியவர் எவ்வளவு ஒழுங்கு பாருங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன். அது ஒழுங்கில்லை பாய், பயம். உனக்கு அது கையில் ஊறியிருந்தது. எனக்கு அது ஒரு நாள் பட்ட வெட்கத்தின் மேல் ஒட்டவைத்த ஒட்டு.

கடையில் மட்டும்தான் அந்த ஒட்டு பிடித்தது. வெள்ளத்துக்கப்புறம் உங்களைப் பெரும்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்தாய். அப்போதும் எனக்கு முந்தி நீதான் ஷட்டரைத் தூக்கினாய். இந்தக் கரையில் இருந்துகொண்டு நான் லேட். படிக்கட்டை இடித்துக் கடை போனபிறகு வீட்டிலேயே மிஷினைப் போட்டுக்கொண்டேன். வீடு பூரா துணி. மூக்குக் கண்ணாடி ஒரு இடம், சாவி ஒரு இடம்.

உன் மகன் போன் செய்த அன்றைக்கு அந்தச் சாவியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் இல்லை, பூட்டாமல் வரப் பயம். நூல் டப்பாவில் கிடந்தது. அதை எடுத்து, பூட்டி, பஸ் பிடித்து, உங்கள் பிளாக்கைக் கண்டுபிடித்து வருவதற்குள் மையத்தை, உன் உடம்பை, எடுத்துவிட்டார்கள். அடக்கம் முடித்து எதிரில் வந்துகொண்டிருந்தார்கள். உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வண்டி லேட்டா சாச்சா?” என்று கேட்டான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். நான் ஆமாம் என்றேன்.

நேற்று வந்ததைச் சொல்கிறேன். ஆட்டோவில் வந்தார்கள், கையில் தடி. நான் ஓட இடம் இல்லை. நம் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. மருமகள் நாற்காலி போட்டாள்.

“வீடு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“அங்க டீக்கடைல கேட்டேன். இப்ப அவர் மகன்தான் இருக்கான். என்னைப் பார்த்ததும் டீ குடிக்க ஓடுவாரே, அந்த டெய்லர் வீடு எங்கன்னு கேட்டேன். உடனே சொல்லிட்டான்.”

இத்தனை வருஷம் ஒளிந்தது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது பாய். நான் தரையைப் பார்த்தேன்.

“பாய் எப்படி இருக்கார்?”

சொன்னேன். பாபியும் போய்விட்டதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள், போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் பையிலிருந்து துணியை எடுத்து மடியில் வைத்தார்கள். என்னை நேராகப் பார்த்தார்கள்.

“அளவு தலைல இருக்கா?”

கிண்டலா, கோபமா, எனக்குப் புரியவில்லை. உதட்டில் சின்னதாக ஒரு சிரிப்பு இருந்தது என்று மருமகள் சொல்கிறாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலையில் இருக்கிறது பாய். அன்று கூட்டத்தில் ஒப்பித்தேனே, அதுவும் இருக்கிறது. பாபி கொண்டுவந்த இரண்டு நாடாவும் இருக்கிறது. எதுவும் போகவில்லை, போகவும் மாட்டேன் என்கிறது.

“இல்லம்மா. எடுக்கணும்” என்றேன்.

மருமகள் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நின்றாள். டேப்பை வைத்தேன். தோள் இறங்கிவிட்டது, முதுகு வளைந்துவிட்டது, கை குச்சியாகிவிட்டது. என் ஞாபகத்தில் இருந்த உடம்பு எங்கேயும் இல்லை. டேப் இரண்டு தரம் என் கையிலிருந்து நழுவியது. அவர்கள் அசையாமல், அவசரப்படாமல் நின்றார்கள். லைனிங் துணியைக் கிழித்து நாடா வெட்டினேன். இரண்டு நாடா. துணியைக் கட்டினேன். சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி ஒன்று இருந்தது. காலண்டரை இறக்கிவிட்டு அதில் மாட்டினேன். அது புதன்.

மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது. இத்தனை காலம் அவர்கள் தோள் தெரியும், கை வளையம் தெரியும். நீ மூட்டையைத் தூக்கிக் காட்டி, “டீச்சரம்மாவுது” என்பாய், நானும் அப்படியே சொல்லுவேன். நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

“உங்க பேர் இன்னாம்மா?”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சரம்மா தடியை ஊன்றி வாசல்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மாடிப்படிக்குக் கீழே இருந்தவர்களில் நீ இல்லை. பாபி இல்லை. வளையல் கடை அம்மா, ஊரை அடைத்து வைத்த அந்த நோய் வந்த வருஷம் போய்விட்டது. என் வாய் சொன்னதைக் கேட்டவர்களில் என்னைத் தவிர மிச்சம் ஒருத்தர். ஞாயிறு வெட்ட வேண்டும், திங்கள் போட்டுப் பார்க்க வருவார்கள், நான் வீட்டில் இருப்பேன்.

மரகதம். பேர் மரகதம், பாய்.